வகுப்பில் வாய் திறக்காதவர்கள் எழுதும்போது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கலை அறிவியல் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: பிள்ளைகள் பேச மாட்டார்கள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள், பெயர் சொல்லி எழுப்பினால் எழுந்து நிற்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பதில் சொல்வது முன் பெஞ்சில் இருக்கும் நாலைந்து பேர்தான், வருடம் முழுக்க அதே நாலைந்து பேர். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவது ரொம்பச் சுலபம். அந்த முடிவு எவ்வளவு அநியாயமானது என்பது, மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் இருக்கும் விவாதப் பகுதியை (பிள்ளைகள் ஃபோரம் என்றுதான் சொல்வார்கள்) என் வேதியியல் பாடத்தோடு சேர்த்து நடத்த ஆரம்பித்த பிறகு எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு எட்டு வரி எழுதுகிறாள், அதில் நான் பாடப்புத்தகத்தில் பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. இதை மற்ற ஆசிரியர்களும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் பேச மாட்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். கூச்சம் ஒரு காரணம்தான், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நேரம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970-களில் ஒரு விஷயத்தைச் சொன்னார். ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதானாம். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த ஆளிடம் போய்விடுகிறோம், இல்லை நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது, மந்தம் என்று ஆசிரியர்கள் ஒதுக்கி வைத்திருந்த பிள்ளைகளும் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று அவர் கண்டார். இத்தனைக்கும் அது தாய்மொழியில் பாடம் நடக்கும் வகுப்பு. எங்கள் வகுப்பில் கேள்வி ஆங்கிலத்தில் வருகிறது, பிள்ளை அதைத் தமிழில் புரிந்துகொண்டு, பதிலைத் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, அவர்களுக்கு இன்னும் ஒரு படி கூடுதல். மூன்று நொடியில் இதெல்லாம் நடக்குமா? மூன்று நாள் கொடுத்தால் நடக்கிறது. எழுத்தில் நடக்கும் விவாதத்தின் முதல் பலன் இதுதான், பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது, எழுதியதை அழித்துத் திருத்த இடம் கிடைக்கிறது, தப்பாகச் சொன்னால் அறுபது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம் இல்லை.

"அதற்குத்தான் வாட்ஸாப் குரூப் இருக்கிறதே" என்று கேட்பார்கள். இருக்கிறது, எல்லா வகுப்புக்கும் இருக்கிறது. லீவு அறிவிப்பு, ஃபீஸ் கட்டக் கடைசி நாள், ஹால் டிக்கெட், இதற்கெல்லாம் அது போதும். விவாதத்துக்கு உதவாது. காலையில் ஒருவன் நல்ல கேள்வி கேட்டிருப்பான், மதியத்துக்குள் நாற்பது குட்மார்னிங்குக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அடியில் அது புதைந்துபோயிருக்கும். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று தேடி எடுக்க முடியாது. இன்னொன்று, இதை ஆண் ஆசிரியர்கள் பலர் கவனிப்பதில்லை: வாட்ஸாப் குரூப்பில் சேர்த்த நிமிடமே ஒரு பெண்ணின் போன் நம்பர் வகுப்பில் இருக்கும் எல்லோர் கைக்கும் போய்விடுகிறது. அதனால் வரும் தொல்லையை வெளியே சொல்லாமல் குரூப்பை விட்டு விலகிய பிள்ளைகளை எனக்குத் தெரியும், அப்பா நம்பரைக் கொடுத்துச் சேர்ந்துவிட்டு எதையும் படிக்காமலே இருக்கும் பிள்ளைகளையும் தெரியும். கல்லூரிக்கென்று இருக்கும் தளத்தில் பெயர் மட்டும்தான் தெரியும், நம்பர் தெரியாது. அந்தச் சின்ன வித்தியாசத்தால் எத்தனை பெண் பிள்ளைகள் எழுத வருகிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

மூடுல் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. காசு கொடுக்க வேண்டாத கட்டற்ற மென்பொருள் அது, 2002-இல் முதல் பதிப்பு வந்தது. உருவாக்கியவர் மார்ட்டின் டூகியாமஸ் என்ற ஆஸ்திரேலியர். அவர் சின்ன வயதில் வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில், பக்கத்தில் பள்ளிக்கூடமே கிடையாது, ஷார்ட்வேவ் ரேடியோ வழியாகத்தான் பாடம் படித்தார். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படிப் போய்ச் சேரும் என்பது அவர் வாழ்ந்து பார்த்த விஷயம். சித்தேரி மலையிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது இந்தக் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். மூடுல் செயலியில் சிக்னல் இல்லாதபோதும் எழுதி வைத்துக்கொள்ளலாம், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது எல்லோரும் ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் ஓடினோம், வீடியோ பாதியில் நின்று நின்று மலையோரப் பிள்ளைகள் பாதிப் பாடத்தைத்தான் கேட்டார்கள். 2021 தொடக்கத்தில் அரசு கல்லூரி மாணவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது பெரிய உதவிதான், ஆனால் டவரே எட்டாத ஊரில் டேட்டா கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுத்துக்கு அவ்வளவு டேட்டாவும் வேண்டாம், குறிப்பிட்ட நேரத்துக்கு ஆஜராகவும் வேண்டாம்.

சரி, தளம் இருந்தால் போதுமா? போதாது. நிறைய இடங்களில் இதை ஆரம்பித்துவிட்டு "பிள்ளைகள் எழுதுவதே இல்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் கேள்வி இப்படி இருக்கும்: "நீர் மாசுபாட்டின் காரணங்களையும் விளைவுகளையும் விவாதிக்க." இது பரீட்சைக் கேள்வி. முதல் ஆள் கூகுளில் தேடி ஒட்டிவிட்டால் அதோடு முடிந்தது, இரண்டாவது ஆளுக்குச் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? மிச்சப் பேர் கடனே என்று அதையே வார்த்தையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். விவாதத்துக்கான கேள்வி என்றால் அறுபது பேரும் அறுபது விதமாகப் பதில் சொல்ல முடிய வேண்டும், ஒருவர் பதில் இல்லாமல் இன்னொருவர் பதில் முழுமையாகக் கூடாது.

எனக்கு அப்படி ஒரு கேள்வி இந்த மண்ணிலேயே கிடைத்தது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஃபுளோரைடு பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நிலத்தடியில் பழைய கடினப் பாறை, அதிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் காவி படிந்த பல்லோடு ஒரு தலைமுறை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை, என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய போர் தண்ணீரைத்தான் நம் ஊர்கள் பல வருடம் குடித்து வந்தன. ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட பிறகுதான் காவிரித் தண்ணீர் ஊர் ஊராக வர ஆரம்பித்தது. இரண்டாம் ஆண்டு வேதியியலில் கரைதிறன் பெருக்கம் என்று, ஒரு உப்பு தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று கணக்கிடும் ஒரு பாடம் வருகிறது. கால்சியம் ஃபுளோரைடு அதில் ஒரு கணக்கு, அவ்வளவுதான். பிள்ளைகள் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள், தங்கள் வாயில் இருக்கும் பல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி.

வகுப்பைப் பத்துப் பத்துப் பேராகக் குழு பிரித்து நான் வைத்த கேள்வி இதுதான்: "உங்கள் வீட்டில் இப்போது குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கிருந்து வந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்குமா, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமா, ருசி எப்படி என்றும் எழுதுங்கள். பிறகு குழுவில் இன்னொருவர் எழுதியதைப் படித்து ஒரு கேள்வி கேளுங்கள்." தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதலாம், இரண்டையும் கலந்தும் எழுதலாம், போனில் பேசி டைப் ஆக வைத்தும் எழுதலாம், எழுத்துப்பிழைக்கு மார்க் குறையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மூடுலில் ஒரு வசதி இருக்கிறது, கேள்வி பதில் வகை விவாதம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தான் எழுதிப் போடாத வரைக்கும் அடுத்தவர் எழுதியது கண்ணில் படாது. எழுதிப் போட்ட பிறகும், திருத்துவதற்கென்று இருக்கும் நேரம், வழக்கமாக 30 நிமிடம், முடிந்தால்தான் மற்றவை திறக்கும். பார்த்து எழுதுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை.

வந்த பதில்களைப் படித்த அந்த வாரம் எனக்கு மறக்காது. வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டு, பெரியப்பாவிடம் கேட்டு எழுதியிருந்தார்கள். எந்தக் கிணறு எப்போது வற்றியது, எந்த வருடம் தெருவில் போர் போட்டார்கள், எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, யார் வீட்டுக் கிணற்றில் யாரை இறைக்க விடவில்லை என்பது உட்பட. கடைசியாகச் சொன்னது வேதியியல் இல்லைதான், ஆனால் அதை எழுதிய பிள்ளை அதைத் தண்ணீரைப் பற்றிய உண்மையாகத்தான் எழுதியிருந்தான், நான் அதை நீக்கவில்லை.

அந்தக் குழுக்களில் ஒன்றில் ஒரு பெண் எழுதினாள். சிரிக்கும்போது துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, வருகைப் பதிவில் "பிரசன்ட் மேம்" என்று சொல்வதைத் தவிர நான் அவள் குரலைக் கேட்டதில்லை. "எங்க வீட்ல நானும் தம்பியும் ஒரே தண்ணிதான் குடிக்கிறோம். எனக்குப் பல்லு காவி, அவனுக்கு நல்லா வெள்ளையா இருக்கு. இது ஏன்னு யாருக்காவது தெரியுமா?" இவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

முதலில் ஒருவன் பரம்பரையாக இருக்கும் என்றான். இன்னொருத்தி, பல் விளக்குவதைப் பொறுத்தது என்றாள், அதற்கு அந்தப் பெண் கொஞ்சம் கோபமாகவே, நான் தினமும் இரண்டு வேளை விளக்குகிறேன், அவன் ஒரு வேளைகூட ஒழுங்காக விளக்குவதில்லை என்று பதில் போட்டாள். அப்புறம் மொரப்பூர் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து, "உன் தம்பி என்ன படிக்கிறான்?" என்று கேட்டான். எட்டாவது. "உங்க ஊருக்கு ஒகேனக்கல் தண்ணி எப்ப வந்துச்சு?" அவள் அம்மாவிடம் கேட்டு அடுத்த நாள் எழுதினாள்: தம்பி நடக்கப் பழகும்போது வந்தது. அதற்குள் இன்னொரு பிள்ளை எங்கிருந்தோ படித்துவிட்டு வந்து போட்டாள், நிலைப்பற்களின் எனாமல், அதாவது பல்லின் மேல் இருக்கும் கடினமான பூச்சு, சின்ன வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், தாடைக்குள்ளேயே உருவாகிவிடும், அந்தக் காலத்தில் உடம்புக்குள் போகிற ஃபுளோரைடுதான் பல்லைக் கறைப்படுத்தும், அதற்கு அப்புறம் குடித்தால் பல்லில் புதிதாகக் கறை வராது. உடனே அந்த மொரப்பூர்ப் பையன்: "அப்ப நீங்க ரெண்டு பேரும் இப்பத்தான் ஒரே தண்ணி. அப்ப வேற வேற தண்ணி."

இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு குடிநீர்த் திட்டம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த உதாரணம் இல்லை, நான் வகுப்பில் விளக்கியிருந்தாலும் இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது, ஏனென்றால் அந்தத் தம்பியைப் பற்றி எனக்குத் தெரிய வழியே இல்லை. அதைவிட முக்கியம், அந்தப் பெண் அத்தனை வருடம் தன் மேல் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு, அது தன் குறை இல்லை, நிலத்தடிப் பாறையின் வேலை என்று அவள் வகுப்புத் தோழர்களே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

அதே கேள்விக்கு வேறொரு குழுவில் காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று ஒருவன் எழுத, கூட இருந்த பெண் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள்: 10 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் மொத்தம் 20 மில்லிகிராம், காய்ச்சிக் காய்ச்சி 8 லிட்டர் ஆனாலும் அந்த 20 அப்படியேதான் இருக்கும், அப்ப லிட்டருக்கு 2.5 ஆகிவிடும், கூடத்தானே செய்யுது? இன்னொரு குழுவில் காரிமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன், எங்க ஊர்ப் போர் தண்ணியில சோப்பு நல்லா நுரைக்கும், பாத்திரத்துல எதுவும் படியாது, ஆனா எங்க ஊர்லதான் காவிப் பல்லு அதிகம், பக்கத்து ஊர்ல தண்ணி கடினம், அங்க அவ்வளவா இல்ல என்று எழுதிவிட்டு, இது தலைகீழா இருக்கே என்று கேட்டிருந்தான். தலைகீழ் இல்லை. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும், தண்ணீரில் அதிகம் தங்காது. கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் கூடின தண்ணீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். கரைதிறன் பெருக்கம் என்பது இதுதான். மறுநாள் வகுப்பில் அவன் எழுதியதை அப்படியே போர்டில் எழுதித்தான் அந்தப் பாடத்தை ஆரம்பித்தேன்.

இப்போது ஆசிரியர் செய்ய வேண்டியது பற்றி. தம்பி பல் விஷயத்தில் எனக்கு முதல் பதிவைப் பார்த்ததுமே விடை தெரியும். விரல் துறுதுறுக்கத்தான் செய்தது. ஆனால் நான் அன்றே விடையை எழுதியிருந்தால் "நன்றி மேம்" என்று நாலு பேர் போட்டிருப்பார்கள், அத்தோடு அந்தப் பேச்சு செத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் வானியலை இணையவழியே கற்பித்து வந்தார்கள். அங்கே மார்கரெட் மஸ்ஸோலினி, சாரா மேடிசன் என்ற இருவரும் மாணவர் விவாதங்களை எடுத்து ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் சொல்கிறது. ஆசிரியர் அடிக்கடி உள்ளே வந்து எழுதினால் விவாதங்கள் நீள்வதில்லை, சுருங்குகின்றன. ஆனால் அதே மாணவர்களிடம் கேட்டால், அடிக்கடி எழுதும் ஆசிரியரைத்தான் ஆர்வமுள்ளவர் என்று புகழ்கிறார்கள். ஆக, நம்மைப் பற்றி நல்ல பெயர் வேண்டுமா, பிள்ளைகள் பேச வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு பதிவிலும் நம் முன்னால் நிற்கிறது.

அதற்காக எட்டிப் பார்க்காமலே இருந்துவிடுவதும் கூடாது. ஆசிரியர் படிக்கவே இல்லை என்று தெரிந்தால் இரண்டாவது வாரம் யாரும் எழுத மாட்டார்கள். நான் செய்வது இப்படி: தினமும் படிப்பேன், மூன்று நாள் வரை விடை சொல்ல மாட்டேன், ஒரு பிள்ளை தனியாக எழுதிவிட்டு யாருமே பதில் போடாமல் நின்றால் மட்டும் "இதற்கு இன்னாருடைய ஊர் அனுபவம் என்ன?" என்று வேறொரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கோர்த்துவிடுவேன். யாராவது யாரையாவது புண்படுத்தினால் அன்றைக்கே தலையிடுவேன், அதில் காத்திருப்பதே கிடையாது. அப்புறம் வகுப்பில் போய், எழுதியதிலிருந்து இரண்டு மூன்றை எடுத்துப் படிப்பேன், எழுதியவரின் சம்மதம் கேட்டுவிட்டுத்தான். இணையத்தில் நடந்தது இணையத்திலேயே நின்றுவிட்டால் பிள்ளைகளுக்கு அது கூடுதல் வேலையாகத்தான் தெரியும். வகுப்புக்குள் அது நுழைய வேண்டும். தன் வரியை ஆசிரியர் வாசிப்பதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை கை தூக்குகிறது, இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விவாதம் மேலோட்டமாக நின்றுவிடும் என்று ஒரு குறை சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் 2000-இல் இணையவழி விவாதத்தை ஆராய்வதற்கென்று ஒரு சட்டகம் வகுத்தார்கள். சிந்தனை நான்கு படிகளில் போகிறது என்றார்கள்: ஒரு கேள்வி உறுத்துகிறது, பலரும் பலதைச் சொல்கிறார்கள், சொன்னவற்றைக் கோத்துப் பார்க்கிறார்கள், ஒரு முடிவுக்கு வந்து அதைச் சோதிக்கிறார்கள். அதற்கப்புறம் வந்த ஆய்வுகள் பலவற்றில் பெரும்பாலான பேச்சு இரண்டாவது படியோடு நின்றுவிட்டதாகத்தான் தெரிந்தது. என் பிள்ளைகளிடமும் அதே கதைதான், தானாக மேலே போவதில்லை. அதனால் ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு, முறை வைத்து, தொகுத்து எழுதும் பொறுப்பைக் கொடுக்கிறேன். பத்துப் பேர் எழுதியதைப் படித்து, எதில் ஒத்துப்போனார்கள், எதில் முரண்பட்டார்கள், எதை இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுத வேண்டும். தண்ணீர் விஷயத்தில் அப்படிச் "சோதிக்க வேண்டும்" என்று வந்த பட்டியலை வைத்துத்தான் ஊர் ஊராகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னேன், நிறம் பார்த்துச் சொல்லும் சோதனைக் கிட்டை வைத்து லேபில் பார்த்தோம். ரெக்கார்டு நோட்டில் எழுதுவதற்காக இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக அந்தப் பிள்ளைகள் லேபுக்குள் வந்தது எனக்குப் பெரிய விஷயம்.

குழு பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். அறுபது பேரை ஒரே இடத்தில் விட்டால் அங்கேயும் அதே நாலைந்து பேர்தான் பேசுவார்கள். பத்துப் பேர் என்றால் ஒருவர் எழுதாதது மற்றவர்களுக்குத் தெரியும், "என்னப்பா நீ இன்னும் போடலியா" என்று அவர்களே கேட்பார்கள்.

மார்க் பற்றி ஆசிரியர்களிடையே எப்போதும் ஒரு சண்டை உண்டு. மார்க் கொடுக்காவிட்டால் எழுத மாட்டார்கள் என்கிறது ஒரு கட்சி, மார்க் கொடுத்தால் மார்க்குக்காக மட்டும் எழுதுவார்கள் என்கிறது இன்னொரு கட்சி. இன்டர்னலில் அசைன்மென்ட்டுக்கு இருக்கும் மார்க்கில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைகள் நிறைய. ஓசூரில் சனி ஞாயிறு ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், சீசனில் மாம்பழக்கூழ் ஆலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், விடியற்காலையில் தக்காளி பறித்துக் கூடையைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கூடுதலாக ஒரு வேலை கேட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கைக்கு மார்க் கொடுக்கக் கூடாது. "மூன்று பதிவு போட்டால் மூன்று மார்க்" என்றால் "ஆமாம்", "நல்ல கருத்து", "நானும் அப்படியே நினைக்கிறேன்" என்று வந்து குவியும். எழுதிய ஒன்றில் தன் ஊரோ, தன் கணக்கோ, தன் கேள்வியோ இருந்தால் முழு மார்க். அவ்வளவுதான் என் அளவுகோல்.

சாட்ஜிபிடி வந்த பிறகு இதெல்லாம் எடுபடுமா என்று கேட்கிறார்கள். எடுபடும், கேள்வியைப் பொறுத்து. ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு அதிகமாகி வரும் பாதிப்பு) என்றால் என்ன என்று கேட்டால் சாட்ஜிபிடி நம்மைவிட அழகாக எழுதும். உன் வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணி வந்தபோது உன் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டால் அதற்கு அம்மாவிடம்தான் போக வேண்டும். அதோடு, ஒருவன் பளபளவென்று ஒட்டிய பதிலைக் கூட இருக்கும் ஒன்பது பேர் விட்டுவைப்பதில்லை. "ப்ரோ, நீ எழுதினதுல இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று ஒருவன் கேட்டால் போதும், அடுத்த பதிவு சொந்த வார்த்தையில் வந்துவிடும்.

போன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு போன் வீட்டுக்கே பொது, அது பகலெல்லாம் அண்ணனோடு வெளியே போய்விடுகிறது, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பெண் பிள்ளை கைக்கு வருகிறது, அதற்கும் "ராத்திரியில போன்ல என்ன வேலை" என்ற பேச்சு. அதனால் ஒரு கேள்விக்கு முழுசாக ஒரு வாரம், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரும்படி வைக்க வேண்டும். கல்லூரி கம்ப்யூட்டர் லேபை வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்குத் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் எழுதியவற்றை எடுத்துக் காட்டியபோது, ஒரு அப்பா, பெண்ணின் பதிவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அந்த வீட்டில் அதற்கப்புறம் போனுக்குத் தடை இல்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

கடைசியாக ஆசிரியர்களின் நேரம். மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடங்களை எடுத்துக்கொண்டால், வீடியோ, படிக்கும் பாடம், சுயமதிப்பீடு, விவாதம் என்று நான்கு பகுதிகள் இருக்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. விவாதமும் பாடத்தின் ஒரு பகுதி என்று கொள்கையளவில் ஒத்துக்கொண்டாயிற்று. ஆனால் கல்லூரியில் நம் டைம்டேபிளில் அதற்கு ஒரு பீரியடும் கிடையாது. அறுபது பேர் எழுதுவதைப் படிக்க வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது ஆகும், அது பெரும்பாலும் வீட்டில், சமையல் முடிந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகுதான். கௌரவ விரிவுரையாளர்களாக இருப்பவர்களிடம் இதை எப்படிக் கேட்பது? விவாதம் நடத்தும் ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்தில் ஒரு பீரியடையாவது பணிச்சுமையில் கணக்கிட வேண்டும். துறைத் தலைவர்கள் நினைத்தால் இதை மேலிடம் வரைக்கும் போகாமலே செய்ய முடியும், அசைன்மென்ட் வகுப்பு என்று இருப்பதை இதற்கு மாற்றிக்கொடுத்தாலே போதும். கூடவே, எல்லாப் பாடத்துக்கும் ஒரே செமஸ்டரில் இதை வைத்தால் பிள்ளைகள் திணறிப்போவார்கள், ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

வரும் செமஸ்டருக்கு மாங்கொட்டையும் தோலும் என்று ஒரு கேள்வி தயாராக இருக்கிறது. கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளில் சீசன் முடியும்போது மலை மாதிரி குவியும் கழிவு எங்கே போகிறது, உங்கள் ஊரில் யார் அதை வாங்குகிறார்கள், மாடு தின்னுமா, கொட்டையிலிருந்து எண்ணெய் எடுப்பதைப் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்கப் போகிறேன், கொழுப்பு அமிலங்கள் பாடத்துக்காக. தண்ணீர்க் கேள்வியையும் இதையும் யார் வேண்டுமானாலும் எடுத்து உங்கள் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.